போல்ட் செய்யும் பட்டறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் நர்சிங் முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. அம்மாவின் முழங்காலுக்கு ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதே. இங்கே எல்லோரும் நலம்.

கோவை கணபதியில் உன் பட்டறைக்கு ராணுவச் சாமான் ஜாப் ஒர்க் தர ஆள் வந்ததாகவும், எடுக்கலாமா வேண்டாமா என்றும் கேட்டிருந்தாய். அதைப் பற்றிப் பேசத் தோதாக ஒரு இடத்தைப் போன வாரம் பார்த்தேன். இங்கே அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆன்டோனியோவுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை. எங்கள் கம்பெனிக்கு டூல் சப்ளை செய்பவர் அழைத்துப்போனார். நடத்துபவர் முன்னாள் ராணுவ வீரர். ஈராக்கில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். திரும்பி வந்ததும், படைவீரர்களின் படிப்புக்கு இந்த நாட்டு அரசு கொடுக்கும் உதவித்தொகையில் கம்யூனிட்டி காலேஜில், கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் வேலை படித்திருக்கிறார். அவர், அவர் மனைவி, கூட ஒரு சில ஆட்கள். அவ்வளவுதான் கம்பெனி.

கை குலுக்கியதும் அவர் முதலில் கேட்டது கிரீன் கார்டு இருக்கிறதா என்றுதான். இந்தத் தொழிலில் வரைபடத்தை வெளிநாட்டவரிடம் காட்டினாலே ஏற்றுமதி செய்த கணக்காகிவிடும். அதனால் அளவு, டாலரன்ஸ் எதையும் உனக்கு எழுதப்போவதில்லை. ஊருக்கே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர் செய்வது ஏஆர்-15 வகைத் துப்பாக்கியின் போல்ட்டும், அது உட்கார்ந்து ஓடும் கேரியரும். நட்டு போல்ட் என்று நினைத்துவிடாதே. தோட்டாவை அறைக்குள் தள்ளி, வெடிக்கும் நொடியில் பின்வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உருளை இது. அந்த நொடியில் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வரும். அதைத் தாங்குவது முன்னால் இருக்கும் ஏழு பற்கள். சுட்ட தோட்டாவின் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களும், போல்ட்டைத் திருப்பும் கேம் பின்னுக்காக நடுவில் குறுக்காகப் போகும் துளையும்தான் முதலில் விரிசல் விடும் இடங்கள். துளையோடு இரண்டாக முறிந்த போல்ட்டுகளை ஈராக்கில் அவர் தன் கையாலேயே கழற்றியிருக்கிறார்.

கறுப்புத் திரை கட்டிய மூலையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டையும் காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை மேலே ஊற்றி, புற ஊதா விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நல்ல பீஸ் இருட்டாகவே இருக்கும். விரிசல் இருந்தால் தலைமுடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு பளிச்சென்று தெரியும். என் கையில் ஒன்றைக் கொடுத்தார். வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்த பீஸ், திரைக்குள் போனதும் பல்லின் அடியில் கோடு காட்டியது. லாட்டில் சாம்பிள் எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். உடைகிற ஒன்று யாரோ ஒருவன் கையில்தானே உடையும் என்றார் கணவர்.

அப்புறம் கேரியரின் மேல் உட்காரும் கேஸ் கீ. சுடும்போது வரும் வாயுவைக் கேரியருக்குள் விட்டு அதைப் பின்னால் தள்ள வைக்கும் சின்னக் குழாய் அது. அதை இரண்டு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். முறுக்கினால் மட்டும் போதாது, பக்கத்து இரும்பை நசுக்கி ஸ்க்ரூ தலைக்குள் தள்ளிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுட்டுக்கொண்டே இருக்கும்போது தளர்ந்து, கேஸ் கசிந்து, கேரியர் முழுத் தூரம் பின்னால் போகாது. துப்பாக்கி நின்றுவிடும். இந்த ஒரு வேலையை மட்டும் அவர் வேறு யாரிடமும் விடுவதில்லை. நான்கு பக்கமும் அழுத்தி, விரல் நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதான் தட்டில் வைக்கிறார்.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்த யூஜின் ஸ்டோனரும் இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்தவர். 1959-இல் உரிமை கோல்ட் (Colt) என்ற துப்பாக்கிக் கம்பெனிக்குப் போய், அது எம்-16 என்ற ராணுவத் துப்பாக்கியாக வியட்நாம் போனபோது வெடிமருந்தை மாற்றினார்கள், அறைக்குக் குரோம் பூசவில்லை, சுத்தம் செய்யும் சாமானும் சரியாகக் கொடுக்கவில்லை. சிக்கிக்கொண்ட துப்பாக்கியோடு பையன்கள் செத்தார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. பட்டறைக்காரர் இதைச் சொல்லும்போது அவர் குரலில் இன்னும் கோபம் இருந்தது. எங்கோ மேசையில் எடுத்த முடிவுக்கு, கையில் வைத்திருப்பவன் விலை கொடுத்தான். மேஸ்திரிக்குப் பயந்து செக் பண்ணுவதற்கும், அந்தக் கை தன் கையாகவே இருந்தது என்று தெரிந்து செக் பண்ணுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அங்கேதான் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி, இந்த வகையில் துப்பாக்கி என்று கணக்காகும் பாகம் சீரியல் நம்பர் போட்ட லோயர் ரிசீவர், அதாவது ட்ரிக்கர் உட்காரும் கீழ்ப்பாகம் மட்டும்தான். போல்ட் சாதாரண இரும்புச் சாமான் மாதிரி பார்சலில் வீட்டுக்கு வந்துவிடும். அவரிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று என் சின்னவனுக்குப் பள்ளியில் பயிற்சி தருகிறார்கள். அதைச் சொல்லி அவரிடமே கேட்டேன். தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், துப்பாக்கி வாங்குபவனைச் சோதிப்பது கடைக்காரர் வேலை, உடையாமல் செய்வது தன் வேலை என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அது போதவில்லை.

உன் விஷயம் வேறு. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு மையம், உனக்கு வரும் வேலை ராணுவத்துக்குப் போகிறது. அதனால் எடு என்றுதான் சொல்வேன். ஆனால் பம்ப் பாகத்துக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போடாதே. அவர் பட்டறையில் போல்ட் செய்ய வாங்கும் ஒவ்வொரு இரும்புக் கம்பியின் ஹீட் நம்பரும், அதாவது எந்த உருக்கில் வந்தது என்ற எண்ணும், நோட்டில் இருக்கிறது. எந்த போல்ட் எந்தக் கம்பியிலிருந்து வந்தது, யார் செக் பண்ணியது என்று எடுத்துக் காட்டினார். மெஷின் ஓட்டுபவனே தன் ஜாப்பை பாஸ் பண்ணுவது அங்கே கிடையாது. உன்னிடம் இப்போது அதற்கென்று தனி ஆள் இல்லை. அந்தச் சம்பளத்தையும் டெஸ்டிங் செலவையும் சேர்த்து ரேட் சொல். குறைக்கச் சொன்னால் விட்டுவிடு.

அந்த ஆள் மறுபடி வந்தால், மெட்டீரியல் அவர்கள் தருவதா நீ வாங்குவதா, ரிஜெக்ட் ஆனால் யார் தலையில் விழும் என்று முதலில் கேள். பதிலை எனக்கு எழுது. ட்ராயிங்கை மட்டும் அனுப்பாதே.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை