மேனர் வீடும் அதன் களஞ்சியமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய மேனர் வீடுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். கென்ட் மாவட்டத்தில் அகழி சூழ நிற்கும் ஐட்டம் மோட் வீட்டின் பெருங்கூடத்தையும் தேவாலயத்தையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அகழிக்கு வெளியே நிற்கும் கட்டடங்களை 'வேலையாட்களின் கொட்டகைகள்' என்று இரண்டே சொற்களில் கடந்துவிட்டார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த இடத்தை நேரிலும் பார்த்தவன். அதனால்தான் இக்கடிதம். (ஊரின் பெயர் கட்டுரையில் 'இக்தாம்' என்று அச்சாகியிருந்தது. அங்குள்ளவர்கள் 'ஐட்டம்' என்றே சொல்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வந்தாலும் அதுதான் சரி.)

மேனர் என்பது முதலில் வீட்டின் பெயரே அன்று. பிரபுவின் சொந்த நிலம், குடியானவர்கள் அவருக்குச் செய்யக் கடமைப்பட்ட உழைப்பு, அவர் நடத்திய உள்ளூர் நீதிமன்றம் ஆகியவை சேர்ந்த ஓர் ஏற்பாட்டுக்கே அப்பெயர். விளைந்த தானியத்துக்குக் களஞ்சியமும், கால்நடைக்குத் தொழுவமும், பிரபுவுக்கே உரிய சலுகையாகப் புறாக்கூண்டுக் கட்டடமும் அதனால் எழுந்தன. இவற்றை நீக்கிவிட்டு வீட்டை மட்டும் பார்த்தால், அத்தனை பெரிய கூடத்துக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதே விளங்காது.

ஐட்டம் மோட் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கப்பட்ட வீடு. எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள் ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்திருக்க, வீடு முழுவதும் உள்நோக்கியே பார்க்கிறது. வெளியிலிருந்து காண்பவருக்கு அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. வாயிற்கோபுரச் சுவரில் ஓர் ஒடுங்கிய பிளவு இருக்கிறது. வந்தவர் யாரென்று வாயிற்காவலர் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பதற்கான ஏற்பாடு அது. நான் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதே வீட்டின் முற்றத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டிய மரக்கூடு நிற்கிறது. மிக முக்கியமான பழங்கட்டடங்களுக்கு அந்நாட்டுச் சட்டம் தரும் முதல்நிலைப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. நாயின் கூட்டுக்குக் கிடைத்த மரியாதை களஞ்சியங்களுக்கு நம் எழுத்தில் கிடைக்கவில்லையே என்பதுதான் என் குறை.

புறக்கட்டடத்தின் பெருமையை அறிய விரும்புவோர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வடக்கே, மிக அருகிலுள்ள ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமத்துக்குப் போகலாம். வின்செஸ்டர் கல்லூரிக்குச் சொந்தமான மேனர் நிலத்தின் விளைச்சலைச் சேமிக்க 1426இல் எழுப்பிய களஞ்சியம் அங்கே இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 58 மீட்டர். இரு வரிசை ஓக் மரத் தூண்கள் உட்புறத்தை மூன்று பத்திகளாகப் பிரிக்கின்றன. தூணின் அடி மண்ணைத் தொடாமல் கல்லின்மேல் நிற்பதால் ஈரம் ஏறவில்லை, மரமும் உளுத்துப்போகவில்லை. இப்படிப்பட்ட கட்டடங்களில் மரத்தைத் தலைகீழாக நிறுத்துவது அந்நாட்டுத் தச்சர்களின் வழக்கம். வேர்ப்பக்கத்தின் பருமன் மேலே வருவதால், உத்திரங்கள் வந்து கூடும் இடத்தில் துளையிட்டுப் பொருத்தப் போதிய மரம் கிடைக்கும். இணைப்புகளில் இரும்பாணிக்குப் பதில் ஓக் முளைகளே அடிக்கப்பட்டன. தரையில் வைத்துச் சரிபார்த்த சட்டங்களைத் தூக்கி நிறுத்தும்போது மாறிப்போகாதிருக்க, ரோமன் எண்களை ஒத்த குறிகளை உளியால் வெட்டி வைத்தார்கள். இந்த மரவேலையில் மிகப்பெரும் பகுதி 1426இல் வைத்த மரமேதான். கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை, அப்பகுதியின் பழைய மாவட்டப் பெயரைச் சேர்த்து, 'மிடில்செக்ஸின் பேராலயம்' என்றார். மேனரின் பழைய வீடு எப்போதோ போய்விட்டது. நாம் நெல்லைக் குவிப்பதுபோல் அவர்கள் கோதுமை குவித்த கொட்டகைதான் இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்துக் கட்டடக்கலை பற்றித் தாங்கள் தொடர்ந்து வெளியிடுவதாக இருந்தால், அடுத்த கட்டுரையில் இக்களஞ்சியத்தின் உட்கூரைப் படம் ஒன்றையாவது அரைப்பக்க அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
தஞ்சாவூர்