கோஷா ஆஸ்பத்திரிய விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம். போன இதழ்ல கர்ப்பிணிங்க சத்து மாத்திரை பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின் ஏதோ வெளிநாட்டு சரக்குன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க பாருங்க, அதான் எனக்கு மனசு ஆறல. நான் திருவல்லிக்கேணிக்காரி, என் ரெண்டு பிள்ளைங்களும் இங்க இருக்குற கோஷா ஆஸ்பத்திரியில, அதான் இப்ப கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, அங்க பொறந்ததுங்க.

லூசி வில்ஸ்னு இங்கிலாந்து டாக்டரம்மா ஒருத்தங்க 1928ல பம்பாய் வந்தாங்க. அங்க மில்லு வேலைக்கு போற ஏழை பொம்பளைங்க மாசமா இருக்கும்போது ரத்தம் சுண்டிப்போயி உசுரையே விட்டுக்கிட்டு இருந்தாங்க. இந்தம்மா அவங்க தட்டுல என்ன இருக்குன்னு பாத்தாங்க, காய் பழம்லாம் ரொம்ப கம்மி. அதே மாதிரி சாப்பாட்ட எலிங்களுக்கு போட்டா அதுங்களுக்கும் சோகை, கூட ஈஸ்ட் சேத்தா வரல. 1929ல நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், 1931 ஆரம்பத்துல எங்க கோஷா ஆஸ்பத்திரின்னு இங்கயும் வேலை பாத்திருக்காங்க. கடைசியில நோய்க்கு கேட்டது எது தெரியுமா, மார்மைட்! பீர் காய்ச்சி மிஞ்சுற ஈஸ்ட்ல செஞ்சு வெள்ளைக்காரங்க ரொட்டியில தடவுற கறுப்பு பசை. அப்ப சோகைக்கு மருந்தா குடுத்த, சுத்தம் பண்ண ஈரல் சாறுக்கு அசையாத இந்த சோகை இந்த மலிவு சாமானுக்கு எறங்குச்சு. உள்ள இருந்த சத்துதான் ஃபோலிக் ஆசிட், 1941ல பசலைக்கீரையிலேர்ந்து பிரிச்சாங்க, 1945ல அமெரிக்காவுல செயற்கையா செஞ்ச டீமுக்கு தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், அவரு படிச்சது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல. இப்ப சொல்லுங்க, இது வெளிநாட்டு சரக்கா?

இன்னொண்ணு. மாசமானது தெரிஞ்சதும் மாத்திரைய ஆரம்பிக்கலாம்னு போட்டிருக்கீங்க. கரு தரிச்சு 28 நாளுக்குள்ள குழந்தைக்கு மூளையும் தண்டுவடமுமா ஆகப்போற குழாய் மூடிடும், அது சரியா மூடத்தான் ஃபோலிக் ஆசிட் வேணும், பாதி பேருக்கு நாள் தள்ளிப்போனதே அப்பதான் தெரியும். அதனால ஃபோலிக் ஆசிட் மட்டும் குழந்தைக்கு பிளான் பண்ணும்போதே ஆரம்பிக்கணும்.

எங்க வீட்லயே பாருங்க, மருமக ஏழு மாசம், மாவு டப்பா பின்னாடி கை விட்டா பிரிக்காத செகப்பு இரும்புச்சத்து மாத்திரை மூணு அட்டை! கேட்டா "வெளிக்கு கறுப்பா போகுது அத்தை, பயமா இருக்கு"ங்குறா. இரும்புச்சத்து சாப்புட்டா அப்படித்தான் போகும்னு அட்டைய குடுக்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. சாப்புட்ட நாள்லயும் டீயோட முழுங்கியிருக்கா, டீ இரும்ப ஒடம்புல சேரவிடாதே. கால்சியம் மாத்திரையும் அதே நேரத்துல போடக்கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும். உங்க கட்டுரையில இதுல ஒண்ணுகூட இல்ல, அடுத்த இதழ்ல சின்னதா ஒரு பெட்டி கட்டியாவது போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருவல்லிக்கேணி