சேகருக்கு, அம்மாவின் முதுகுவலி பற்றி

தண்டையார்பேட்டை

டேய் சேகர்,

கடிதமும் எக்ஸ்-ரேயும் வந்தது. இங்கே எல்லாரும் சுகம்.

"தேய்மானம், வயசானா அப்படித்தான்" என்று அக்கா எழுதியதை நீயும் ஒப்பிக்கிறாய். எழுபது தாண்டியவர் முதுகைப் பிடித்தாலே இந்த ஒரு சொல்லைப் போட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். அம்மாவுக்கு இருக்கும் எலும்பு மெலிவு தானாக வலிக்காதுடா. எங்கோ உடைந்திருக்கும், இல்லை வேறு ஏதோ இருக்கும்.

அம்மா விழவே இல்லையே என்கிறாய். விழணும்னு அவசியமில்லை. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கிவிடும். டி.எச். ரோட்டுப் பள்ளத்தில் ஷேர் ஆட்டோ தூக்கிப் போட்டாலும் போதும். அதிகம் நசுங்குவது மார்பும் இடுப்பும் சேரும் இடம். ஆனால் வலியைக் கீழ் இடுப்பிலோ விலாப்புறத்திலோ காட்டுவார்கள். நீ அனுப்பிய படத்தில் அந்த மேல்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. நடுமுதுகும் சேர்த்து, பக்கவாட்டில் மறுபடி எடுக்கச் சொல்.

அதற்குள் அக்கா ஒன்று செய்யட்டும். அம்மாவை நிற்க வைத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் விரல் வைத்துப் பார்க்கணும். இரண்டு விரல் நுழைய இடமில்லை என்றால் முள்ளெலும்பு நசுங்கி முதுகு குட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அந்த விலா இடுப்பில் உரசியே வலிக்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் கூடும். முதுகெலும்பையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

புட்டத்துக்கு மேலே, நடுவில் அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பார்க்கட்டும். முதுகின் அடியிலுள்ள சேக்ரம் எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் சேக்ரம் முழுதும் படத்தில் வரணும் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். "கல்யாண வேலையில் இந்தத் தடவை ஊசி போடல" என்று அக்கா போகிற போக்கில் எழுதியிருக்கிறாளே, அதுதான் எனக்குப் பயம். அது டெனோசுமாப், எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. எலும்பை அரிக்கும் செல்களை அது அடக்கி வைக்கிறது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் அவை மொத்தமாகக் கிளம்பிவிடும். வருஷக்கணக்கில் சேர்ந்த பலம் சீக்கிரமே கரைந்து, இரண்டு மூன்று முள்ளெலும்புகள் ஒருசேர நசுங்கிப்போவது உண்டு. கடைசி ஊசி போட்டு ஏழு மாதம் தாண்டினாலே ஆபத்துதான். அதே மெலிவுக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை எலும்பிலேயே தங்கி மெல்லத்தான் விலகும், அதனால் சில வாரம் தவறினாலும் இப்படி ஆகாது. இந்த ஊசிக்கு அந்தச் சலுகை கிடையாது. நிறுத்துவதாக இருந்தாலும் ஸோலெட்ரோனிக் ஆசிட் மாதிரி வேறொரு எலும்பு மருந்தைக் கொடுத்துத்தான் நிறுத்தணும். அதற்காக அக்கா இன்றைக்கே ஓடிப்போய்ப் போட்டுவிடவும் வேண்டாம். முதலில் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கணும். கால்சியம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் ஊசி அதை இன்னும் இறக்கிவிடும்.

அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது) எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல். ரத்தசோகையும் முதுகுவலியும் சேர்ந்து வந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளணும். படுத்தாலும் விடாத ராத்திரி வலி, சாயங்காலக் காய்ச்சல், மெலிவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் மறக்கக்கூடாது. இருமல் இல்லாமலும் அது வரும். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகணும். அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முக்கியமான இன்னொன்று. எண்ணெய் போட்டு முதுகை நீவி இழுக்கிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பச் சொல், உன் சித்தப்பாவே வந்தாலும் சரி. டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி வைக்க வேண்டாம். அம்மா பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள், சிறுநீரகம் தாங்காது. டாக்டர் சொல்லும்வரை பாரசிட்டமால் போதும். முழுசாகப் படுக்கையில் போட்டுவிடாதீர்கள். வாக்கர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சம் நடக்கட்டும், படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும்.

ஊசி அட்டையில் கடைசித் தேதி என்ன என்று அக்காவிடம் கேட்டு இன்றைக்கே வாட்ஸப்பில் போடு. குட் மார்னிங் பூப்படம் வேண்டாம், தேதி மட்டும்.

ரவி