உப்பு வரி கட்டியது கடற்கரை மட்டுமல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உப்புச் சத்தியாகிரகம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்டியையும் வேதாரண்யத்தையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் உப்பு வரி என்றாலே கடற்கரையோடு பேச்சை முடித்துவிடுகிறோம். கடலையே பார்க்காத எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களும் அந்த வரியைக் கட்டியவர்கள்தான். அவர்களுக்கு வண்டிக்கூலியும் மேலே சேர்ந்தது.

தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் இரண்டு மாவட்டங்களும் அப்போது அதில்தான் இருந்தன. அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877-78-ல், சென்னை மாகாணத்தில் உப்பு வரியை ஏற்றினார்கள். ஏறக்குறைய 37 கிலோவுக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணா ஆனது. மிராசுதாருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே வரி. களிக்கு உப்பு வேண்டும், புளியை அடைத்து வைக்க உப்பு வேண்டும், மாட்டுக்கும் வேண்டும். இதில் எதைக் குறைப்பது?

சரி, உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் தடை. உள்நாட்டில் தலைமுறைகளாக அப்படி உப்பு எடுத்தவர்கள் உப்பரவர்கள். வரி வருமானம் குறையும் என்று அரசு அதை ஒடுக்கியது. அவர்கள் மண்வேலைக்கும் கிணறு வெட்டவும் போனார்கள். ஒரு தொழிலையே பிடுங்கியிருக்கிறார்கள், அதைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1931 காந்தி-இர்வின் ஒப்பந்தமும் உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்க்காரர்களுக்குத்தான் சலுகை தந்தது. அவர்களும் வெளியூருக்கு விற்கக் கூடாது. உள்நாட்டுக்காரர்கள் 1947 ஏப்ரலில் வரி நீங்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை நடத்திச் சென்ற ராஜாஜி, ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். அங்குள்ள அவரது நினைவு இல்லத்திலும், கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களிலும் உள்நாட்டு உப்பின் வரலாற்றைச் சொல்லும் பலகை வைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அப்புறம் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரி இருந்த காலத்தில் உப்பு வாங்கியது நினைவிருப்பவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதை ஒட்டி இருக்கும். தாமதிக்காமல் ஒரு நிருபரை எங்கள் ஊர்ப்பக்கம் அனுப்பி அவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.