ஏப்ரல்ல வேணாம், ஜூலைல வா

வாசுகி,

உன் மெயில் கெடச்சுது. அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம்டி. இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவன் ஸ்கூல் மாறியிருக்கான். ஏப்ரல்ல வர்றேன், கலிபோர்னியாவுல இருக்கற யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் போதுமான்னு கேட்டிருந்தல்ல, போதாது, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எல்லாரும் கீழ பள்ளத்தாக்குல நின்னு எல் கேப்டன்ங்கற பெரிய கிரானைட் பாறையை போட்டோ எடுத்துட்டு கெளம்பிடறாங்க. அந்த எடத்தையே பனியாறு, அதான் மெதுவா நகர்ற பெரிய ஐஸ் படலம், குடைஞ்சிருக்குடி. வெறும் ஐஸ் கிரானைட்டை அறுக்காது, உருகுன தண்ணி பாறை வெடிப்புக்குள்ள போயி உறைஞ்சு, ஐஸ் நகரும்போது கல்லையே பேத்து இழுத்துட்டுப் போகும், அப்புறம் அடியில மாட்டுன கல்லுங்க உப்புத்தாள் மாதிரி தரையைத் தேய்ச்சுக்கிட்டே போகும். வெடிப்பு நெறைய இருந்த பாறையெல்லாம் போயிருச்சு, வெடிப்பு கம்மியான எல் கேப்டன் நின்னுருச்சு. பெரிய பள்ளத்தாக்கு ஆழமாயிட்டே போக, பக்கத்து சின்ன ஓடையால அந்த ஆழத்துக்கு எறங்க முடியல, அதனாலதான் பிரைடல்வெயில் அருவி 189 மீட்டர் அந்தரத்துலேருந்து விழுது. தட்டையா தெரியற தரையும் நிஜமான அடி இல்ல, 1930கள்ல அதிர்வு அலை விட்டுப் பாத்தா சில எடத்துல பாறை 600 மீட்டருக்குக் கீழ இருக்கு, நடுவுல பூரா வண்டல்.

கலிபோர்னியா மாநிலத்தோட புவியியலாளரா இருந்த ஜோசையா விட்னி, இந்தப் பள்ளத்தாக்கு உண்டானதே தரை அப்படியே உள்வாங்குனதாலதான்னு சொன்னார். ஆடு மேய்க்க மலைக்கு வந்த ஜான் மியூர் பனியாறுதான்னு சொன்னப்போ விட்னி மதிக்கவே இல்ல. மியூர் 1872ல மக்ளூர் பனியாத்துல குச்சி நட்டு, ஒரு நாளைக்கு ஒரு இஞ்ச் நகருதுன்னு அளந்துட்டார். அவரும் கொஞ்சம் அதிகமா போயிட்டார், எல்லாத்தையும் ஐஸ் மூடியிருந்துச்சுன்னார், ஆனா ஹாஃப் டோம்ங்கற பாறை மலையோட உச்சி பனிக்கு மேலதான் நின்னுது. இருந்தாலும் அடிப்படையில அவர் சொன்னதுதான் சரி, எனக்கு அந்த மனுஷன் மேல அவ்ளோ மரியாதை.

நீ கட்டாயம் பாக்க வேண்டியது மேல, டெனாயா ஏரி பக்கம். ஏறக்கொறைய 20,000 வருஷத்துக்கு முன்னாடி ஐஸ் தேய்ச்ச பாறை இன்னும் பளபளன்னு கெடக்கு, கைய வச்சா வழுவழுன்னு இருக்கும், பனி ஓடுன திசையிலயே கோடு கோடா கீறல். அங்க போற டியோகா ரோடு ஏப்ரல்ல பனியில மூடியிருக்கும். அதான் ஜூலைக்கு மாத்திக்கோங்கறேன். யோசெமிட்டியில இருக்கற லையெல் பனியாறு நகர்றதே நின்னுருச்சுன்னு 2013லயே சொல்லிட்டாங்க, மிச்சம் இருக்கறதையாவது தூரத்துலேருந்து பாத்துடலாம்டி.

லீவு கெடைக்குமான்னு கேட்டுட்டு தேதி சொல்லு, தங்கறதுக்கு எடம் சீக்கிரம் புக் பண்ணணும். நல்ல கிரிப் உள்ள ஷூ எடுத்துட்டு வா, அந்தப் பாறை வழுக்கும். அப்பாவையும் அம்மாவையும் கேட்டதா சொல்லு.

உன்
சுமதி