மிளகாய் சாஸும் உன் பெயரும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நியூ ஜெர்சியில் சிறு கம்பெனி ஒன்றைப் பதிவு செய்து, மூன்று வகை மிளகாய் சாஸ்களை இறக்குமதி செய்து கடைகளுக்குக் கொடுக்கப் போவதாக நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. ஒரு சாஸ் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் 26 ஆண்டுகள் நின்று வேலை பார்த்தவள் என்ற முறையில், தொலைபேசியில் அவசரமாகச் சொல்ல முடியாததை நிதானமாகச் சொல்லவே எழுதுகிறேன்.

பாட்டிலின் வடிவம், கடைக்காரருக்கு விடும் லாபம், ஒரு பெட்டிக்கு எத்தனை பாட்டில் என்பதையெல்லாம் நீ நன்றாக யோசித்திருக்கிறாய். ஆனால் சாஸின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) எவ்வளவு என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் தயாரிக்கிறவர்களுக்குத் தெரியும், அம்மா" என்றாய். அந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது.

மிளகாயின் காரமே சாஸைக் கெடாமல் காக்கிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். காரம் காப்பதில்லை, புளிப்புதான் காக்கிறது. பச்சை மிளகாயும் பூண்டும் இயல்பிலேயே புளிப்புக் குறைந்தவை. வினிகரோ வேறு அமிலமோ சேர்த்து அவற்றின் பி.எச். அளவை 4.6க்கு மேல் போகாமல் இறக்கி வைத்தால்தான், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலினம் கிருமி முளைத்து நஞ்சு உண்டாக்காமல் இருக்கும். அந்த நஞ்சு இருக்கிறதா என்பதைப் பார்த்தோ முகர்ந்தோ உறுதிசெய்ய முடியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் படுத்தார்கள். நீ எடுக்கப்போகும் மூன்றில் ஒன்று எண்ணெய் மிதக்கும் மிளகாய்ப் பூண்டு சாஸ் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்னிடமே ஒரு முறை தவறு நேர்ந்தது. பூண்டைப் பெரிய துண்டுகளாகப் போட்ட ஒரு பேட்ச் அது. லாரி காத்திருக்கிறது என்று மேலிருந்து நெருக்கினார்கள். நான் பாட்டிலைத் திறந்து மேலே நின்ற சாற்றில் மட்டும் பி.எச். மீட்டரின் அளக்கும் முனையான எலெக்ட்ரோடை வைத்துப் பார்த்தேன். மீட்டர் 3.9 காட்டியது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். மனம் ஒப்பாமல் மூன்றாம் நாள் வேறொரு பாட்டிலைத் திறந்து, எண்ணெயைப் பிரித்து எடுத்துவிட்டு, துண்டுகளோடு சேர்த்து மொத்தத்தையும் மிக்சியில் கூழாக அரைத்துப் பார்த்தபோது 4.7 வந்தது. புளிப்பு சாற்றில் இருந்ததே தவிர, பூண்டையும் சேர்த்துத் தாங்கும் அளவுக்கு இல்லை. லாரியைத் திரும்ப வரவழைத்து அத்தனை பாட்டிலையும் அழித்தோம். அன்று முதல், மீட்டரை பி.எச். 4, 7 என்று முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களிலும் சரிபார்க்காமல், எலெக்ட்ரோடில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று கண்ணால் பார்க்காமல் நான் ஓர் எண்ணையும் எழுதியதில்லை.

அமெரிக்காவில் உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. இத்தகைய சாஸை அமிலம் சேர்த்த உணவு என்று தனி வகையாக வைத்திருக்கிறது. தயாரிக்கும் ஆலை அங்கே பதிந்து, எஃப்.சி.இ. என்ற ஆலைப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு சாஸுக்கும், அது அடைக்கப்படும் பாட்டில் அளவுக்கும் உரிய தயாரிப்பு முறையைத் தாக்கல் செய்து, அந்தத் தாக்கலுக்கான எஸ்.ஐ.டி. எண்ணும் பெற்றிருக்க வேண்டும். இதை ஆலைதான் செய்ய வேண்டும், அவர்களுக்குப் பதிலாக நீ செய்ய முடியாது. நொதிக்கவைத்த சாஸ் இந்த வகையில் சேராமல் போகலாம், ஆனால் அதற்கும் ஆதாரம் கேட்பார்கள். எண் இல்லாமல் சரக்கு வந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அனுமதி மறுக்கப்பட்டுவிட்டால் 90 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். அதுவரை ஆகும் கிடங்கு வாடகை உன் தலையில்தான் விழும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தயாரிப்பாளரைச் சரிபார்க்கும் பொறுப்பை அந்நாட்டுச் சட்டம் இறக்குமதியாளர் மேல் வைத்திருக்கிறது. 2011இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த விதிகள் 2017 மே மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரத் தொடங்கின. சரக்கு நுழையும் ஒவ்வொரு முறையும் இறக்குமதியாளர் என்று உன் பெயரைத்தான் எழுதுவார்கள். என்னென்ன ஆபத்து வரலாம், அதை ஆலை எப்படித் தடுக்கிறது, நீ அதை எப்படி உறுதிசெய்தாய் என்பதற்கெல்லாம் உன் கையில் எழுத்துப்பூர்வமான கோப்பு இருக்க வேண்டும். சிறு இறக்குமதியாளருக்குச் சலுகை உண்டு. ஆலையிடமிருந்து ஓர் உறுதிமொழிக் கடிதத்தை வாங்கி, இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது புதுப்பித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும் என்கிறார்கள். சட்டத்துக்கு அது போதும்தான், தம்பி. உன் சாஸைச் சாப்பிடுகிற வீட்டுக்கு அது போதுமா என்று நினைத்துப் பார். அந்தச் சலுகையை நம்பி நீ இதில் இறங்குவதை நான் விரும்பவில்லை.

லேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோயா சாஸ் கலந்த வகையில் சோயாவோடு கோதுமையும் இருக்கக்கூடும், இரண்டையும் ஒவ்வாமைப் பொருளாகக் காட்ட வேண்டும். எள்ளும் 2023 ஜனவரி முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் பான்சோ 4ஆர், கார்மோய்சின் ஆகியவை வேறு பல நாடுகளில் அனுமதிக்கப்பட்டவை, அமெரிக்காவில் கூடாதவை. அதனால் இங்கே சட்டப்படிதான் செய்தோம் என்று ஆலை சொல்வது அங்கே எடுபடாது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் ஆலையிடம் மூன்றைக் கேள். முதலாவது, ஒவ்வொரு சாஸின் எஸ்.ஐ.டி. தாக்கல் நகல். இரண்டாவது, கடைசியாகத் தயாரித்த பத்து பேட்ச்களின் பி.எச். பதிவேடு, அச்சடித்த சுருக்கமாக இல்லாமல் லேபில் கையால் எழுதிய பக்கங்களின் படமாகவே வேண்டும். மூன்றாவது, அந்த மீட்டரை யார், எப்போது, எந்த பஃபரில் சரிபார்த்தார் என்ற குறிப்பு. நல்ல ஆலை இதைக் கேட்டால் முகம் சுளிக்காது, கேட்கத் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்று மதிக்கும். வந்ததும் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு. எந்த எண் அளந்து எழுதியது, எந்த எண் உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று பக்கத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். பூண்டு சாஸில் மட்டும் பிரிக்காத இரண்டு பாட்டில்களையும் அனுப்பிவை. என் பழைய மீட்டர் இன்னும் வேலை செய்கிறது, புது பஃபர் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா