நாற்காலியில் அமரும் முன் பேச வேண்டியவை: எங்கள் பல் மருத்துவமனையின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். காரைக்குடியில் உள்ள எங்கள் சிறிய பல் மருத்துவமனைக்குக் குடும்பத்தோடு வந்துபோகும் உங்கள் அனைவருக்கும், வருகிற தை மாதம் முதல் நாங்கள் செய்யவிருக்கும் சில மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் தெரிவிப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். ‘ஆலும் வேலும்’ என்று தொடங்காத பல் மருத்துவ எழுத்து தமிழில் அரிது. இதில் அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இனி புதிதாக வருபவர்களுக்கும், ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு வருபவர்களுக்கும் முதல் வருகையில் பரிசோதனையும் பேச்சும் மட்டுமே நடைபெறும். தாங்க முடியாத வலி, முகவீக்கம், அடிபட்டு ஆடும் பல் ஆகியவற்றுக்கு மட்டும் அன்றே சிகிச்சை உண்டு. சிகிச்சையின் திட்டமும் செலவும் தமிழில் எழுதித் தரப்படும். வியாழக்கிழமைகளில் மருத்துவமனை இயங்காது.

‘பேசுவதற்கு எதற்கு டாக்டர் தனியாக ஒரு நாள், தனியாக ஒரு கட்டணம்?’ என்று சிலர் கேட்டுவிட்டார்கள், கேட்காதவர்களும் நினைத்திருப்பீர்கள். வயிற்றையோ காலையோ பரிசோதிக்கும் மருத்துவரிடம் நீங்கள் அந்த நேரத்திலேயே ‘இங்கே வலிக்கிறது, அங்கே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். என் தொழிலில் வேலை நடக்கும் இடமே நீங்கள் பேச வேண்டிய வாய். அதில் பஞ்சும், உமிழ்நீரை உறிஞ்சும் குழாயும், சிறு கண்ணாடியும், நிமிடத்துக்கு மூன்று லட்சம் முறைக்கு மேல் சுழலும் கருவியும் இருக்கும்போது நான் ‘வலிக்கிறதா?’ என்று கேட்பதும், நீங்கள் முனகுவதும், அந்த முனகலை ‘இல்லை’ என்று எனக்கு வசதியாக நான் பொருள்கொள்வதும் உரையாடல் ஆகாது. ஆகவே கேட்க வேண்டியவற்றை நீங்களும் சொல்ல வேண்டியவற்றை நானும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் முடிவு. சிகிச்சையின் நடுவே எப்போது இடது கையை உயர்த்தினாலும் உடனே நிறுத்திவிடுவோம். இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தொலைபேசியில் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, ‘ரூட் கேனாலுக்கு எவ்வளவு ஆகும்?’ என்பது. கேட்பது நியாயம்தான், ஆனால் பல்லைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்தத் தொகையும் பிற்பாடு ஒரு மனத்தாங்கலில்தான் முடியும். பல்லின் வேருக்குள் ஓடும் மெல்லிய குழல்களைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் அந்தச் சிகிச்சை. மேல் முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வேர்க்குழல்தான் இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக மூன்று, சிலருக்கு நான்கு. மேல் கடைவாய்ப் பல்லிலோ நான்காவது குழல் எளிதில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம், அதைத் தவறவிட்டால் மாதங்கள் கழித்து வலி திரும்பி வரும். எனவே ‘ரூட் கேனால்’ என்ற ஒரே பெயருக்குள் நேரத்திலும் உழைப்பிலும் வெவ்வேறான பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. அதோடு, மெல்லும் பற்களுக்கு அந்தச் சிகிச்சை முடிந்த பிறகு கேப் போட வேண்டியிருப்பதையும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். சொத்தையும் சிகிச்சையும் உள்ளே நிறையப் பகுதியைக் குடைந்துவிட்ட அந்தப் பல், மூடப்படாவிட்டால் ஒரு முறுக்கைக் கடிக்கும்போதுகூடப் பிளந்துவிடக்கூடும். இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல முடியாது. வரவேற்பறையில் இருக்கும் எங்கள் உதவியாளரைத் தொகை கேட்டு நெருக்க வேண்டாம் என்று இதன் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எங்களிடம் சொல்ல வேண்டியவை இதைவிட முக்கியமானவை. உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றிக் கேட்டால், ‘பல்லுக்கும் அதற்கும் என்ன?’ என்று பலர் வியக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகள் சிலருக்கு ஈறுகளைத் தடிக்கவைத்துப் பற்களின் மேல் ஏறவைக்கும். எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும் மருந்து உடலில் நெடுங்காலம் தங்குவதால், பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அரிதாக உண்டு. அந்த ஊசியை மருந்து என்றே நினைவில் வைத்திராத ஆச்சிமார் எங்களிடம் வந்திருக்கிறார்கள். இதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் பிடுங்குவதற்காகத் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வருவது நிறுத்தாமல் வருவதைவிட ஆபத்தானது. இரத்தக் கசிவை ஈறில் தையல் போட்டும் அழுத்தியும் நாங்கள் கட்டுப்படுத்திவிடுவோம். இதயத்திலோ மூளையிலோ கட்டும் இரத்தம் எங்கள் கைக்கு எட்டாதது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு கெடும், ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஆகவே மருந்துச் சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.

மரத்துப்போகும் ஊசியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல் மருத்துவரிடம் உள்ள அச்சத்தில் பெரும்பகுதி அதைச் சுற்றியே இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் லிக்னோகெயின், 1943ஆம் ஆண்டு சுவீடனில் உருவாக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் நம்பிப் பயன்படுத்தப்படும் மருந்து. அது வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகளை முதலில் அடக்குகிறது. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகளை அதே அளவுக்கு அடக்குவதில்லை. எனவே பல்லைப் பிடுங்கும்போது தள்ளுவதும் இழுப்பதும் உங்களுக்குத் தெரியத்தான் செய்யும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அந்த அழுத்தமே வலியாகத் தோன்றி, ‘மருந்து பிடிக்கவில்லை’ என்ற பதற்றத்தில் உடல் விறைத்துவிடும். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து உண்மையிலேயே சரியாகப் பிடிக்காமல் போவதும் உண்டு. ‘வீக்கம் வடியட்டும், பிறகு பிடுங்கலாம்’ என்று சில நேரங்களில் நாங்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களைத் திரும்பவும் வரவழைப்பதற்காக அல்ல. மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குறையும் என்ற நம்பிக்கையை இன்னும் வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். மேல் பற்களுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. அறுபது வயதை ஒட்டிப் பல்லும் பார்வையும் சேர்ந்தே தளர்வதுதான் இந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறது என்று நினைக்கிறேன்.

குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ‘சேட்டை செய்தால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்’ என்று வீட்டில் சொல்லாதீர்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று வழியில் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். எதையும் முதலில் சொல்லி, பிறகு காட்டி, அதன் பின்னரே செய்வது என்ற முறை குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில் 1959 முதல் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது. எங்கள் மருத்துவமனையிலும் கருவி முதலில் குழந்தையின் நகத்தின் மேல்தான் சுழலும். அவசரப்படாமல் அப்படிச் செய்ய நேரம் வேண்டும் என்பதும் புதிய ஏற்பாட்டுக்கு ஒரு காரணம். இன்னொன்று: ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நினைத்துச் சொத்தையை விட்டுவிடுவதால், எட்டு வயதுக்குள் அந்தப் பல்லை இழந்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இம்மடலில் ஒரே ஒரு செய்தியை வீட்டில் எடுத்துச் சொல்ல விரும்பினால் இதையே சொல்லுங்கள்.

சிகிச்சைத் திட்டத்தை எழுதித் தருவது எனக்குக் கூடுதல் வேலை என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்த ஊரின் நிலைமையை நான் அறிவேன். பெற்றோர் இங்கே இருப்பார்கள், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். பரிசோதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் அலைபேசியில் ‘டாக்டர் என்னம்மா சொன்னார்?’ என்ற கேள்வி வரும். ‘என்னமோ ஆணி மாதிரி வைக்கணுமாம்’ என்ற பதிலைக் கேட்டுக் கலங்கிய மகன் மறுநாள் என்னை அழைப்பார். இனி அந்தத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். எந்தப் பல், என்ன குறை, எந்தெந்த வழிகளில் சரிசெய்யலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும், ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன நேரும் என்பவை அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை எழுதுவதுதான் கடினம். அச்சுறுத்தவும் கூடாது, மழுப்பவும் கூடாது. சில குறைகளுக்கு ‘இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்’ என்றே எழுதித் தருவேன். மேற்பரப்பு உடையாமல் வெண்மையாகத் தோன்றும் தொடக்கநிலைச் சொத்தை, ஃபுளோரைடு பூச்சாலும் இனிப்பு தின்னும் வேளைகளைக் குறைப்பதாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும். அதைக் குடைந்து அடைப்பது, திரும்பப் பெற முடியாத ஒன்றை எடுத்துவிடுவதாகும், ஏனெனில் எனாமல் ஒருமுறை போனால் உடலால் அதை மீண்டும் உண்டாக்க முடியாது.

இனி வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் குடும்பமாக வர முடிகிறது என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் அன்று திறந்து வைக்கிறோம். அதற்கு ஈடாகவே வாரத்தின் நடுவில் ஒரு நாள். அந்த நாளின் முற்பகலில் கருவிகளைப் பராமரிப்பதும், உதவியாளர்களுடன் அமர்ந்து அந்த வாரத்தில் யாருக்கு எதை விளக்கியது புரியவில்லை என்று பேசுவதும், தொழிலில் புதிதாக வந்தவற்றைப் படிப்பதும் நடக்கும். பிற்பகல் எனக்கு. பல் மருத்துவரின் உடல், கழுத்தைக் கவிழ்த்து, முக்கால் முழத் தொலைவில் உள்ள ஒரு சிறு குழியையே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் உடல். கழுத்து வலியும் முதுகு வலியும் எங்கள் தொழிலோடு பிறந்தவை. உருப்பெருக்கிக் கண்ணாடி அணியத் தொடங்கியதும் குனிவது குறைந்தது. ஆனால் கண்ணுக்குத் தொலைவும் வேண்டும், கழுத்துக்கு நிமிர்வும் வேண்டும் என்பதால் பறவை பார்க்கப் போகத் தொடங்கினேன்.

திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிச் சரணாலயம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. அங்கே நத்தைக்குத்தி நாரையை முதன்முதலில் உற்றுப் பார்த்தபோது, மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. தொழில் புத்தி, ‘இதன் கடிவாய் சேரவில்லையே’ என்றுதான் எண்ணியது. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது என்பதையும், வளர வளரத்தான் அது உண்டாகிறது என்பதையும், நத்தையை உண்டு வாழும் அதன் வாழ்க்கையோடு அது பொருந்தியது என்பதையும் பின்னர் படித்து அறிந்தேன். எட்டு வயதுப் பிள்ளையின் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, கம்பி போட வேண்டும் என்று வருகிற பெற்றோருக்கு இப்போது நான் முன்பைவிடப் பொறுமையாக விளக்குகிறேன் என்றால் அந்த நாரைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, பதினொன்று பன்னிரண்டு வயதில் கோரைப் பற்கள் இறங்கும்போது அந்த இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். மூடாதவர்களுக்கு அப்போது வழி இருக்கிறது.

ஆண்டுகள் ஆக ஆக நான் செய்யும் சிகிச்சைகளின் வகை கூடும் என்றுதான் இத்தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். இப்போது சிலவற்றைச் செய்வதில்லை என்று சொல்லப் பழகியிருக்கிறேன். கீழ்த் தாடை நரம்பை ஒட்டிப் புதைந்திருக்கும் ஞானப் பல்லை மதுரையில் உள்ள முகத்தாடை அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். அங்கே என்ன நடக்கும் என்பதையும் எழுதித் தந்தே அனுப்புவேன். பற்களை வெண்மையாக்குவதை எங்கள் பலகையில் விளம்பரம் செய்யப் போவதில்லை. முகூர்த்த மாதங்களில், திருமணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது பல் வரிசையைச் சரிசெய்யக் கேட்டு வருபவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கம்பி போட்டுப் பற்களை நகர்த்தப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். பத்து நாட்களில் செய்யக்கூடியது, நல்ல பற்களைத் தேய்த்து மேலே உறை மாட்டுவதுதான். இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் குறையற்ற பற்களை ஓர் ஆல்பத்துக்காகத் தேய்க்க எனக்கு மனம் வருவதில்லை.

நடைமுறை விவரங்கள் இவ்வளவே. தை முதல் நாளுக்குப் பின் முதல் வருகைக்கு நாற்பது நிமிடங்கள் ஒதுக்கப்படும். தேவைப்பட்டால் அன்றே எக்ஸ்ரே எடுக்கப்படும். வேறு மருத்துவமனையில் அண்மையில் எடுத்தது உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள், மறுபடியும் எடுக்க வேண்டியிராது. எழுதித் தரும் தாளுடன் நீங்கள் வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால் அதில் எனக்கு வருத்தமில்லை. ஏற்கெனவே சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் கிடையாது. அவர்களிடம் பேசியிருந்த தொகையிலும் மாற்றமில்லை. வியாழக்கிழமையன்று வலியோ வீக்கமோ ஏற்பட்டால் வழக்கமான எண்ணையே அழையுங்கள். உதவியாளர் ஒருவர் எடுப்பார். அவசரமென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் நான் வந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பல் மருத்துவர்,
காரைக்குடி.